ஒரு படத்துக்கு இரண்டு பூசணிக்காய்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போனில் பேசினார். பெரிய சினிமாக் கம்பெனி ஒன்றில் தயாரிப்பு நிர்வாகியாக இருக்கிறார். நலம் விசாரித்த கையோடு கேட்டார்.

"பாய், பூசணிக்கா ஒடச்சிட்டு மறுநாளே கேமரா வெச்ச ஆளு நீங்கதான்னு சொல்றாங்களே, நெஜமா?"

"யாரு சொன்னது?"

"யூனிட்ல எல்லாரும்தான். மந்திரியோட ஆளு தலை மேலயே நீங்க பூசணிக்காய ஒடச்சதாவும் ஒரு பேச்சு இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. என்னிடம் எப்போதும் கோபம்தான் முந்திக்கொள்ளும். நான் யார் தலையிலும் எதையும் உடைக்கவில்லை. அந்த ஆளுக்கு லட்டு கொடுத்தேன், தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆளாளுக்குக் கதை கட்டி அதை வேறு ஒரு படமாக எடுத்துவிடுவதற்குள் நடந்ததை நானே எழுதி வைப்பது நல்லது.

என் பெயர் கமாலுதீன். சினிமாவில் கமால் பாய் என்றால் தெரியும். திருவண்ணாமலைக்காரன். அப்பாவுக்குத் தேரடி வீதிப் பக்கம் தகரப் பெட்டி செய்யும் கடை. பெட்டி தட்டுகிற சத்தம் பிடிக்காமல் சென்னைக்கு ஓடினேன். அங்கே போய் வாழ்நாள் முழுக்க அதைவிடப் பெரிய சத்தத்தில் வேலை பார்த்தேன். யூனிட்டுக்கு டீ கொடுத்தேன், நாற்காலி தூக்கினேன், வண்டி பிடித்தேன், நடிகர் கோபித்துக்கொண்டு போனால் பின்னாலேயே ஓடினேன். அப்படியே மேனேஜர் ஆனேன். நடுவயதில் சொந்த ஊருக்கே திரும்பி வந்து, இந்தப் பக்கம் எந்தப் படம் எடுக்க வந்தாலும் வீடு, வீதி, அனுமதி எல்லாம் பார்த்துக் கொடுக்கிற ஆளாக உட்கார்ந்தேன்.

இந்த வேலையில் சில முறைகள் உண்டு. வீடு பார்க்கப் போனால் முதலில் வாசல் எந்தத் திசை என்று பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் வெயில் கதவில் விழும் என்று தெரியாமல் வீடு பிடிப்பவன் மேனேஜர் இல்லை. இரண்டாவது, வீட்டுக்காரரிடம் பேசி முடித்தாலும் வீட்டுக்கார அம்மா தலையாட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் இருக்கிற இடத்திலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பக் கொடுக்கும்போது அந்த வீட்டுப் பூனைக்குக்கூட வித்தியாசம் தெரியக் கூடாது. பௌர்ணமியை ஒட்டி இந்த ஊரில் தேதி வாங்கக் கூடாது. கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் ஜெனரேட்டர் வண்டியை அண்ணாமலையாரே வந்தாலும் நகர்த்த முடியாது. கடைசியாக, என்னுடைய சொந்தப் பழக்கம் ஒன்று. அனுமதி கேட்கும்போது தேவைக்கு மேல் ஒரு நாள் கூடுதலாகவே கேட்டு வாங்கிவிடுவேன். கலெக்டர் ஆபீசில் அதைச் சொல்லியே கிண்டல் செய்வார்கள்.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் இந்த ஊர் நம்மை ஒரு கை பார்க்கும். ஒரு சரித்திரப் படத்துக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் வேஷம். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து, வசனமெல்லாம் சொல்லிக் கொடுத்து, மீசையும் ஒட்டியாயிற்று. படப்பிடிப்பன்று காலையில் மனிதர் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார், அன்றிலிருந்து மௌன விரதமாம். இயக்குநர் என்னைப் பார்க்கிறார், நான் மலையைப் பார்க்கிறேன். கடைசியில் அந்தக் கலெக்டர் கண்ணாலேயே உத்தரவு போடுகிறவராக ஆனார். அவர் நடிப்பைத்தான் படத்தில் எல்லாரும் பாராட்டினார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இயக்குநர் செல்வராணி என்னைத் தேடி வந்தபோது கையில் கதை மட்டும்தான் இருந்தது, பெரிய நடிகர் யாரும் இல்லை. ஒரு மந்திரி. அவர் துறையில் வேலை பார்க்கும் ஒரு பெண். பதவி உயர்வு வேண்டுமா, நினைத்த ஊருக்கு மாற்றல் வேண்டுமா என்று ஆரம்பித்து அந்தப் பெண்ணை அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பது கதை. பெயர், ஊர், துறை எல்லாம் மாற்றியிருந்தார். ஆனால் படிக்கும்போதே எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு காலத்தில் டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. ஆடியோ ஒன்று வெளியாகி ஊரே காதில் வைத்துக் கேட்டது. கேட்டவர்கள் மந்திரியைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள், அந்தப் பெண்ணைப் பற்றி வருஷக்கணக்கில் பேசினார்கள்.

"படத்துல பெட்ரூம் சீன் ஒண்ணுகூட கெடையாது பாய்," என்றார் செல்வராணி. "அத பாக்கணும்னு வர்றவங்க ஏமாந்து போவட்டும்."

நான் பார்த்த இயக்குநர்களில் பாதிப் பேர் மைக்கில் கத்துவார்கள், மீதிப் பேர் மைக் இல்லாமலே கத்துவார்கள். இந்த அம்மா கத்தி நான் கேட்டதில்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, அன்று நடிகை எந்த இடத்தில் உட்காரப் போகிறாரோ அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார். கோபம் வந்தால் தண்ணீர் குடிப்பார். ஒரு பாட்டில் முழுவதும் காலியானால் யாரோ தொலைந்தான் என்று அர்த்தம். கஷ்டமான காட்சி என்றால், வேலை இல்லாத ஆண்களைத் திரும்பி நின்றுகொள்ளச் சொல்லுவார். லைட் பிடிக்கிற முரட்டுப் பையன்கள்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதட்டி வாங்க முடியாத மரியாதை அது.

யூனிட்டில் மரகதம் என்று ஒரு அம்மா இருந்தார். அது உண்மைப் பெயர் இல்லை. நாற்பதைத் தாண்டிய வயது, காட்டன் புடவை, அதிகம் பேச மாட்டார். உடை விஷயத்தில் உதவிக்கு வந்திருப்பதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அவர்தான் அந்தப் பெண் என்பது இயக்குநருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எல்லாம் ஓய்ந்த பிறகு இந்த ஊருக்கு வந்து, ரமணாசிரமம் பக்கம் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். இங்கே யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். வேங்கிக்காலில் நான் பிடித்திருந்த வீட்டின் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"பத்திரிகக்காரங்கள நான்தான் வரச்சொன்னேன் பாய். எல்லாத்தையும் சொல்லிடலாம்னு தயாரா இருந்தேன். எங்க அண்ணன் வெளியில தாழ்ப்பா போட்டுட்டு, தங்கச்சிக்கு மனசு சரியில்லனு அவங்கள அனுப்பிட்டாரு. நான் கதவ தட்டிகினே இருந்தேன். ஜன்னல்ல பாக்கறேன், பக்கத்து வீட்டக்கா தாழ்ப்பாவயே பாத்துகினு நிக்கறாங்க. கைய நீட்டுனா எட்டும். ஒரு நிமிஷம் நின்னுட்டு உள்ள போய்ட்டாங்க."

"படத்துல?"

"படத்துல அந்தக்கா தொறக்கறாங்க. நான் வெளிய வந்து பேசறேன். அத ஒருதரம் கண்ணால பாத்துடணும் பாய். அது போதும்."

இதற்கு அப்புறம் அந்தக் காட்சி எனக்கு வெறும் வேலையாக இல்லை. அது எடுக்கப்படவில்லை என்றால் படம் ஒரு பெண் பூட்டிய அறையில் அழுவதோடு முடியும். ஊர் அதைத்தான் ஏற்கெனவே பார்த்துச் சிரித்திருக்கிறது.

மந்திரி அப்போது மந்திரி இல்லை, ஆனால் கை நீளம்தான். எங்கள் படத்தில் கடைசியில் என்ன வரப்போகிறது என்று அவருக்குச் செய்தி போய்விட்டது. அதைத் தடுக்கச் சொல்லி உள்ளூரில் ஏழுமலை என்ற ஆளிடம் பொறுப்பு கொடுத்திருந்தார். ஏழுமலையை எனக்கு நன்றாகத் தெரியும். இளவயதில் சண்டை நடிகராக வேண்டும் என்று கோடம்பாக்கம் போய், சில படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக அடி வாங்கிவிட்டுத் திரும்பி வந்தவர். அரசியலில் இருந்தாலும் மனசெல்லாம் சினிமாதான். நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு எதிரே டீக்கடையில் ஆட்களோடு உட்கார்ந்து தினமும் வேடிக்கை பார்ப்பார். இயக்குநர் கட் சொல்வதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

"இன்னா பாய், இன்னைக்கும் கடைசி சீன் இல்லியா?" என்று என்னிடமே கேட்டார். "ஒளிக்காம சொல்லிடுறேன். கதவு தொறக்கற சீன்னு என்னைக்குக் கூட்டம் சேக்கறீங்களோ, அன்னைக்கு நம்ம மகளிர் அணி துடப்பத்தோட வந்துடும். ரோட்ல கலாட்டா ஆனா போலீஸ் பர்மிஷன கேன்சல் பண்ணிடும். உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல பாய். மேல இருந்து சொல்றாங்க."

இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். கலாட்டா இல்லாதவரை எடுத்துக்கொள்ளுங்கள், கலாட்டா ஆனால் மூட்டையைக் கட்டுங்கள். வீட்டுக்காரர் சம்பந்தம் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். அவர் மகனை மாற்றலில் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று கையைக் கூப்பினார். கதாநாயகிக்குச் சனிக்கிழமை வேறு படத்துக்குப் போக வேண்டும். ஏழுமலை டீக்கடையை விட்டு நகர்வதாக இல்லை.

அன்று இயக்குநர் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார்.

எனக்கு யோசனை தோன்றியது டீக்கடையில்தான். ஏழுமலை தன் ஆட்களிடம் அந்தக் காலத்துக் கோடம்பாக்கத்துப் பெருமையை அளந்துகொண்டிருந்தார். பூசணிக்காய் உடைத்த அன்று தனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றிய கதை. சினிமாவில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் கற்பூரம் ஏற்றி, யூனிட் முழுவதையும் கேமராவையும் சுற்றிப் பூசணிக்காயை உடைப்போம். திருஷ்டி கழிந்தது, படம் முடிந்தது என்று பொருள். அதற்கு அப்புறம் ஒரு ஷாட் எடுப்பது இழவு வீட்டில் மேளம் வைக்கிற மாதிரி. எந்த யூனிட்டும் எடுக்காது. இது சினிமாக்காரனுக்குத்தான் எலும்பில் ஏறியிருக்கும். ஏழுமலைக்கும் ஏறியிருந்தது.

வியாழக்கிழமை உடைப்போம், வெள்ளிக்கிழமை எடுப்போம் என்று நான் சொன்னதும் இயக்குநர் சிரித்துவிட்டார். ஒளிப்பதிவாளர் தாஸ் சார் சிரிக்கவில்லை. லென்சுக்குத் தினமும் பொட்டு வைக்கிற மனிதர்.

"பாய், வெளையாடாதீங்க. பூசணி ஒடச்ச கேமராவ திரும்ப ஸ்டாண்டுல ஏத்தச் சொல்றீங்களா? நான் கை வைக்க மாட்டேன். படம் பெட்டிய விட்டே வெளிய வராது."

"உங்களுக்கு இஷ்டம் இல்லனா வேணாம் தாஸ் சார்," என்றார் செல்வராணி. "உங்க அசிஸ்டென்ட்ட வெச்சு எடுத்துக்கறேன். உங்க மேல வருத்தம் இல்ல. ஆனா அந்தக் கதவு வெள்ளிக்கிழமை தொறந்தாவணும்."

"கெட்ட நேரத்துல எடுத்தா நல்லது எப்படிம்மா நடக்கும்?"

மூலையில் புடவை மடித்துக்கொண்டிருந்த மரகதம் நிமிர்ந்தார்.

"நான் அந்த வேலைக்கு நல்ல நேரம் பாத்துதான் சார் சேந்தேன்," என்றார். "எங்க அண்ணன்தான் ஜோசியர்கிட்ட குறிச்சினு வந்தாரு."

தாஸ் சார் திரும்பி அவரைப் பார்த்தார். அத்தனை நாள் தனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்த பெண் யார் என்று அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கேமராப் பெட்டியைத் திறந்து, லென்சைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க யாரையோ காரணமில்லாமல் திட்டினேன்.

மறுநாள் காலை மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கினேன். நன்றாகச் சாம்பல் பூத்தது, குடம் மாதிரி. காய்க்கடைக்கார அம்மாவுக்கு என்னை எத்தனையோ படமாகத் தெரியும்.

"இன்னா பாய், ரெண்டு எடுக்கறீங்க? ரெண்டு படமா?"

"ஒரு படந்தாம்மா. கொஞ்சம் பெரிய படம்."

வியாழக்கிழமை மத்தியானம், நடு வீதியில், டீக்கடைக்கு நேர் எதிரே நாங்கள் நடத்திய கூத்து இருக்கிறதே, அதுதான் என் வாழ்நாளின் சிறந்த படப்பிடிப்பு. கேமராவுக்கு மாலை. யூனிட் மொத்தமும் கைகூப்பி நிற்கிறது. நான் காயின் மேல் கற்பூரத்தை ஏற்றி மூன்று சுற்று சுற்றி ஓங்கி அடித்தேன். குங்குமம் தெறித்ததில் ஏழுமலையின் வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு. எல்லாரும் கைதட்டினார்கள். சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கதாநாயகி அழுதார், அவருக்கும் விஷயம் தெரியும், சும்மா நடிகை இல்லை. நான் லட்டுத் தட்டோடு நேராக டீக்கடைக்குப் போனேன்.

"எடுத்துக்கங்க ஏழுமல. படம் முடிஞ்சிடுச்சு."

"கடைசி சீனு?"

"எங்க எடுக்க உட்டீங்க? அழுவறதோட முடிச்சிட்டாங்க அம்மா."

ஏழுமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நேரத்தில் கொஞ்சம் வருத்தமும் பட்டார், அதுதான் அந்த மனிதரின் விசேஷம். "சே, நல்ல சீனா வந்திருக்கும் பாய்," என்றார். குரூப் போட்டோவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து நடுவில் நின்றார். கையில் லட்டு, முகம் கொள்ளாத சிரிப்பு. போட்டோ எடுத்த கையோடு மேலே போன் போட்டார்.

"அண்ணே, பூசணிக்கா ஒடச்சாச்சு. ஆமாண்ணே, என் கண்ணால பாத்தேன். இனிமே எடுக்க மாட்டாங்கண்ணே, சினிமால அது கெடையாது. நான் சொல்றேன்ல."

ஜெனரேட்டர் வண்டி, லைட் வண்டி, சாப்பாட்டு வண்டி எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு சென்னைப் பக்கம் கிளம்பின. துணை நடிகர்களும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். டீக்கடை காலியானது. தாஸ் சார், அவருடைய ஒரு கேமரா, ஒலிப்பதிவுக்காரர், இயக்குநர், கதாநாயகி, மரகதம், நான். மீதி யூனிட் இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை வெயில் அந்தக் கதவில் விழும் நேரத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினோம். நான் கேட்டு வைத்திருந்த கூடுதல் நாள் அது. சட்டப்படி எல்லாம் சரி. பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடிக்க வேண்டியவர் பஸ்ஸில் போய்விட்டார். ஏழுமலையை நம்பவைக்கும் அவசரத்தில் எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டோம். வீதியில் நிற்கக் கூட்டமும் இல்லை.

எதிர் வீட்டு வளர்மதியிடம் போனேன். சத்துணவுத் திட்டத்தில் வேலை. அத்தனை நாளும் எங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர். கதையும் அவருக்குத் தெரியும். ஜன்னலில் இருந்தே முழுப் படத்தையும் பார்த்திருந்தார்.

"நிக்கறதுக்கு என்ன பாய், நிக்கலாம். மொகம் தெரிஞ்சா எங்க வீட்டுக்காரரு வேல போய்டும். இந்தத் தெருவுல எல்லாரும் கவர்மென்ட்டு."

"முதுகு மட்டும்தான் தெரியும். அம்மா வாக்குக் குடுக்கறாங்க."

வளர்மதி யோசித்தார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய் சுமதி, வாங்கடி. முதுகுதானாம்." ஒவ்வொரு வீடாகக் கேட் திறந்தது. ஈரத் தலையோடு, மாவுக் கையோடு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய டீச்சர் கைப்பையோடு, அந்த வீதிப் பெண்கள் வந்து நின்றார்கள். சம்பந்தம் வீட்டு அம்மாவும் வந்து நின்றார். அவர் கணவர் உள்ளே கைபிசைந்துகொண்டிருந்தார்.

"தாழ்ப்பா தொறக்கறது யாரு?" என்று கேட்டார் தாஸ் சார். "கை மட்டும்தான் க்ளோசப். ஆனா அந்தக் கை சரியா இருக்கணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் கை நீட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது மரகதம் படியில் இருந்து எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

இயக்குநர் அவர் காதருகே போய் ஏதோ கேட்டார். மரகதம் தலையை ஆட்டினார். ஆண்கள் யாரையும் அன்று திரும்பிக்கொள்ளச் சொல்லவில்லை. எல்லாரும் பாருங்கள் என்பது போல இயக்குநர் ஒதுங்கி நின்றார்.

உள்ளே கதாநாயகி கதவைத் தட்ட ஆரம்பித்தார். திற, திற என்று கத்தவில்லை. வசனமே இல்லை, தட்டல் மட்டும்தான். மரகதம் அசையாமல் நின்றார். தட்டல் நீண்டுகொண்டே போனது. அந்த அம்மாவுக்கு உள்ளே இருந்து தட்டுகிறவள் யாராகத் தெரிந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகக் கை மேலே போனது. தாழ்ப்பாளில் விரல் பட்டது. இறுகிப் போன பழைய தாழ்ப்பாள், வர மறுத்தது. இன்னொரு கையையும் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அது கிறீச்சிட்டு விலகியது.

கதவு திறந்தது. காலை வெயில் அந்தப் பெண்ணின் முகத்தில் நேராக விழுந்தது. கதையில் அவர் நேரே வீதிக்கு வந்து பேச வேண்டும். ஆனால் கதாநாயகி வாசலில் நின்று, தாழ்ப்பாளை இன்னும் விடாமல் பிடித்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். அப்படியே பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை தடுமாறாமல், வசனம் முழுவதையும் பேசினார். மந்திரி செய்ததை, அலுவலகம் மறைத்ததை, அண்ணன் பூட்டியதை. அந்த வீதிப் பெண்களின் முதுகுகள் குலுங்கியது படத்தில் இன்றும் தெரியும். அது நடிப்பு இல்லை.

இயக்குநர் கட் சொல்லவில்லை. தாஸ் சார்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை நிறுத்தினார். இரண்டாவது டேக் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

"பாய்," என்றார் தாஸ் சார், "இப்ப அந்த இன்னொரு பூசணிக்காய எடுங்க."

அவருக்கு நான் சொல்லவே இல்லை. எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஆட்டோவின் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து மரகதத்திடம் நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"பொம்பளைங்க ஒடைக்கக் கூடாதும்பாங்களே பாய்."

"பாய் ஒடைக்கலாம்னு மட்டும் எங்கியாவது சொல்லியிருக்கா? நான் காலமெல்லாம் ஒடச்சினுதான இருக்கேன். ஓங்கிப் போடுங்கம்மா."

வளர்மதி கற்பூரம் கொண்டுவந்தார். மரகதம் காயைத் தலைக்கு மேல் தூக்கினார். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, காய் சிதறிச் சம்பந்தம் வீட்டுத் தோட்டம் வரைக்கும் போயிற்று. வீதியே கைதட்டியது. மரகதம் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சம்பந்தம் வெளியே வந்து, வாசலைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். பேச்சு கண்டிப்பாக இருந்தது, குரல் அப்படி இல்லை.

படத்துக்குத் தடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள், கிடைக்கவில்லை. பத்திரிகையில் கேட்டபோது முன்னாள் மந்திரி, அந்தக் கதைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார். சம்பந்தமில்லாத படத்துக்கு எதிராக ஆள் அனுப்ப முடியுமா? அவர் வாயே அவர் கையைக் கட்டிவிட்டது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குச் சீட்டும் கொடுக்கவில்லை. படத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஊர் அப்படித்தான் சொல்கிறது, நான் மறுப்பதும் இல்லை.

எங்கள் ஊர்த் தியேட்டரில் முதல் காட்சிக்கு அந்த வேங்கிக்கால் வீதியே வந்திருந்தது. தாழ்ப்பாளில் அந்தக் கை வந்ததும் தியேட்டர் மூச்சை அடக்கிக்கொண்டது. விலகியதும் எழுந்த சத்தத்தில் வசனத்தின் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. வளர்மதி தன் முதுகைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெயர்கள் ஓடும்போது யூனிட்டின் குரூப் போட்டோவைப் போட்டிருந்தார் இயக்குநர். எனக்குக்கூடச் சொல்லவில்லை. நடுவில், கையில் லட்டோடு, வேட்டியில் குங்குமப் பொட்டோடு, முகம் கொள்ளாத சிரிப்போடு ஏழுமலை. தியேட்டர் இடிந்துவிடும் போலச் சிரித்தது. அவர் கட்சியில் இதற்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று தெரியாது. பிறகு ஒருநாள் கடைவீதியில் பார்த்தபோது, "எப்படியோ ஸ்கிரீன்ல வந்துட்டேன் பாய்," என்று மட்டும் சொன்னார்.

மரகதம் எங்களோடு உட்கார்ந்துதான் படம் பார்த்தார். முந்தானையை முகத்துக்கு இழுக்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர் போன் அடித்தது. எடுத்துப் பேசினார், எதிரே யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது.

"ம். பாத்தியா? ... ஆமா, நீ பூட்டுனததான் காட்டியிருக்காங்க. மாத்தல. ... ஊருக்கே தெரிஞ்சிட்டா என்ன? ... அழுவாத. நான் சொல்றத கேளு. பூட்டுன கைய பாத்துட்ட இல்ல, தொறந்த கைய நல்லா பாத்தியா? ... மறுபடியும் போய்ப் பாரு அண்ணா. என் வளையல கழட்டுன தழும்பு தெரியும்."